டெல்லியில் நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வருவது நடக்கிற காரியமா?

லாஜ்பத்நகர்வாசி:
எங்கள் கட்டடத்தில் சமைக்கும் அக்கா, ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தவர். பாராபுல்லா நாலாவை (வடிகால்) ஒட்டியிருந்த அந்த வீடுகளை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்களே, அதற்கப்புறம் நரேலாவில் ஃபிளாட் கிடைத்துப் போய்விட்டார். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பெண்களுக்கு பஸ்தான் இலவசமாயிற்றே, வந்துவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வேலை செய்துவந்த வீடுகளில் பாதியை விட்டுவிட்டார். காசு பிரச்சினை இல்லையென்றால் வேறென்ன?

திரிலோக்புரி தம்பி:
நேரம் சார். வீட்டு வேலைக்கு ஆபீஸ் கணக்கு சரிவராது. காலையில் பாத்திரம், சமையல். சாயங்காலம் திரும்ப வந்து ரொட்டி போட வேண்டும். கேம்ப்பில் இருந்தவரை நடுவில் நடந்தே வீட்டுக்குப் போய், தண்ணீர் பிடித்து வைத்து, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு வருவார்கள். இப்போது அந்த மத்தியானம் எங்கே உட்காருவது? பார்க்கில்தான், அதுவும் மே மாத வெயிலில்! அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

மெட்ரோபிரியன்:
மெட்ரோ இருக்கிறதே. சமய்பூர் பாத்லியில் மஞ்சள் லைன் ஏறி, காஷ்மீரி கேட்டில் வயலட்டுக்கு மாறினால் நேராக ஜங்புரா. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகப் போகும் லைனுக்கும் 2024 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

மயூர்விஹார் அக்கா:
தம்பி, ஒப்புதலில் ஏறி வேலைக்குப் போக முடியாது. நரேலாவிலிருந்து பாத்லி வருவதற்கே தனியாக ஒரு வண்டி பிடிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோ கட்டணத்தையும் ஏற்றி, அதிகபட்சம் 64 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். போக வர ஷேர் ஆட்டோவும் சேர்த்தால் நாளுக்கு நூறைத் தாண்டும், வீட்டு வேலைச் சம்பளத்தில் இது கட்டுப்படியாகுமா? 2019 அக்டோபரில் பெண்களுக்கு பஸ்ஸை இலவசமாக்கி வந்த பிங்க் டிக்கெட் நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் புருஷனுக்கு அது கிடையாது, ஏசி பஸ்ஸில் ஒரு தடவைக்கு 25 ரூபாய் வரை ஆகும். அதனால் வீட்டில் வண்டி வாங்கினாலும் அது அவருக்குத்தான் போகிறது, பொம்பளை பக்கத்தில் பவானாவில் ஏதாவது பேக்டரியில் கிடைத்த சம்பளத்துக்கு பேக்கிங் வேலைக்குப் போகிறாள். ஃபிளாட் பட்டியலில் பெயர் வராதவர்கள் சிலர் கடன் வாங்கியாவது ஜங்புரா பக்கமே அறை எடுத்தது இதனால்தான்.

லாஜ்பத்நகர்வாசி:
அப்படியென்றால் ராத்திரிச் சமையலையும் மத்தியானமே முடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லலாமா?

மயூர்விஹார் அக்கா:
சொல்லுங்கள், ஆனால் உங்கள் வீடு மட்டும் மாறினால் போதாது. அவர் போகிற மற்ற வீடுகளும் ஆறின ரொட்டிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் கேட்டுப் பாருங்கள்.