எலித் தடுப்பு நோட்டீஸ் வந்திருக்கு: மருந்து வச்சும் குறையல, உதவி தேவை

கேள்வி: வாடகைக்கு விட்ட கட்டடம். எலியை ஒழிக்கச் சொல்லி உள்ளாட்சி நோட்டீஸ் வந்திருக்கு. மருந்துக்கட்டி வச்சா காலியாகுது, புழுக்கை மட்டும் குறையல. ஓட்டைகளில் ஃபோம் அடிச்சதையும் கடிச்சுத் துளைச்சிடுச்சு. இது என் பொறுப்பா, குடியிருப்பவர் பொறுப்பா?

பதில் 1: நோட்டீஸ்ல எந்தப் பிரிவு, என்ன கெடு, எதைச் சரிசெய்யச் சொல்றாங்கன்னு முதல்ல பாருங்க. விதி ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் சுவர், கதவு, குழாய் துளை, வடிகால் உரிமையாளர் தலையில்தான் விழும். குப்பையை மூடி வைக்கிறது குடியிருப்பவர் வேலை. வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்க.

பதில் 2: வழி திறந்திருக்கிற வரைக்கும் செத்ததோட இடத்துக்கு அடுத்தது வரும். பெரிய எலிக்கு 12 மி.மீ. இடைவெளி போதும், சுண்டெலிக்கு 6 மி.மீ. ஃபோம் காற்றைத்தான் தடுக்கும், பல்லைத் தடுக்காது. குழாயைச் சுற்றி துருப்பிடிக்காத எஃகுக் கம்பித்துருவலைத் திணிச்சு மேல சிமென்ட் கலவை பூசுங்க. காற்றுத்துளைக்கு 6 மி.மீ. கண்ணுள்ள இரும்பு வலை. கதவடிக்குத் தகடு. உள்ளே நடமாட்டம் நிற்காம கடைசி ஓட்டையை அடைக்காதீங்க. உள்ளேயே செத்து நாறும்.

கேள்வி கேட்டவர்: பொறி வச்சா பக்கத்திலேயே வரமாட்டேங்குதே?

பதில் 3: பெரிய எலிக்குப் புதுப் பொருள்னா சந்தேகம். சில நாள் பொறியை இழுத்து மாட்டாம, இரை மட்டும் வையுங்க. தின்னப் பழகினதும் மாட்டுங்க. சுவரோரம், சுவருக்குக் குறுக்கா தரையில படுத்தபடி வையுங்க, இரை வைக்கிற முனை சுவரைத் தொடணும். நடு அறையில வச்சா வீண். சுண்டெலி இவ்வளவு தயங்காது. புழுக்கை அரிசி அளவு இருந்தா அதுதான், ஒன்றரை செ.மீ. நீளம்னா பெரிய எலி.

பதில் 2: மருந்து வச்சே தீரணும்னா பூட்டுற பெட்டிக்குள்ள மட்டும். ரத்தம் உறையாமத் தடுக்கிற வகை கொல்ல சில நாள் ஆகும், அதுவரை எலி தின்னுக்கிட்டேதான் இருக்கும். குழந்தையோ நாயோ தின்னுட்டா அறிகுறிக்குக் காத்திருக்காம, பாக்கெட்டோட மருத்துவமனைக்கு ஓடணும். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது: கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு (பவுடர் இல்ல) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைச்சு, 5 நிமிஷம் கழிச்சுத் துடைங்க.

பதில் 1: ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கும் முன்னும் பின்னும் படம் எடுங்க, ரசீதை வையுங்க. கெடு முடியறதுக்குள்ள எழுத்துல மறு ஆய்வு கேளுங்க. பக்கத்து மனையிலிருந்து வளை வந்தா அதையும் அதே கடிதத்துல எழுதிடுங்க.