புதுப்பிப்பு: ஜெபாலயத்துக்குப் பின்னால் இருக்கும் உரக்குழி

எங்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஜெபாலயத்துக்குப் பின்னால் தோண்டிய உரக்குழி நாறுகிறது, மூடச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மூடவில்லை. நாற்றமும் போய்விட்டது.

நீங்கள் பலர் சொன்னதுதான் காரணம். விடுதிச் சமையலறைக் கழிவை மட்டுமே கொட்டிவந்தோம். அதில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். காற்றுப் புகாமல் அழுகி, அம்மோனியா வாடை கிளம்பும். கழிவு நன்றாக மட்கி உரமாக, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். அந்தக் கார்பனைத்தான் தினமும் மூலையில் குவித்து எரித்துக்கொண்டிருந்தோம். வளாகத்தில் கூட்டிய சருகு! எரிப்பதை நிறுத்த அனுமதி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இப்போது ஒரு வாளி கழிவுக்கு மூன்று வாளி சருகு. வாரம் இருமுறை கிளறுகிறோம். நேற்றுக் காலை மண்வெட்டியால் புரட்டியபோது ஆவி எழுந்தது. வெப்பமானி 57 டிகிரி செல்சியஸ் காட்டியது. 55-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். கையில் அள்ளி முகர்ந்தேன், மழை நனைத்த மண் வாசம்.

ஜெபிக்கிற இடத்தில் குப்பையா என்று முதலில் வருந்திய போதகர் ஐயாவே காலை ஆராதனையில் ஆதியாகமம் 2:15-ஐ வாசித்தார்: தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' மனிதன் வைக்கப்பட்டான். பிறகு குழிக்கு வந்து சருகும் அள்ளிப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டில் மீந்து கொட்டப்படும் உணவு மட்டும் குறையவே இல்லை. அடுத்து அதை எடை போட்டு, சாப்பாட்டுக்கூட வாசலில் தினமும் எழுதி வைக்கப்போகிறோம்.