அமெரிக்க எஞ்சின், ஜப்பான் எஞ்சின்: இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி

இருபது ஆண்டுகளுக்கு மேலாக 1.6 லிட்டர் ஹோண்டா சிவிக் ஒன்றுதான் என் வாகனம். கோலாலம்பூரை அடுத்த கோம்பாக் சுங்கச்சாவடியைத் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் அதை எப்படி ஓட்ட வேண்டும் என்பது என் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். லோரிக்குப் பின்னால் வேகம் குறைந்ததும் மூன்றாம் கியர். சுற்றுமானி முள் நிமிடத்துக்கு 4500 சுற்றைத் தாண்டும்வரை பொறுமை. அதன் பிறகுதான் எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். எஞ்சின் என்றாலே இப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

போன மாதம் மைத்துனர் தம் ஃபோர்டு மஸ்டாங்கின் சாவியைக் கொடுத்தார். 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ. அதே ஏற்றம், முன்னால் அதேபோல ஒரு மர லோரி. பழக்கதோஷத்தில் கை கியர் தடியை நோக்கிப் போயிற்று. "வேண்டாம் மாமா, லேசாக மிதியுங்கள் போதும்" என்றார். மிதித்தேன். முள் 2500-ஐக்கூடத் தொடவில்லை. முதுகு இருக்கையில் அழுந்தியது, லோரி கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனது.

அந்த எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது சுழற்றி இழுக்கும் பலம், 430 நியூட்டன் மீட்டருக்கு மேல். 3000 சுற்றிலேயே முழுதும் கைக்கு வந்துவிடுகிறது. என் சிவிக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் 5000 சுற்றைக் கடந்த பின். பெரிய டர்போ எஞ்சினைச் சின்ன எஞ்சினோடு நிறுத்தி ஒப்பிடுவது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனால் அன்றிலிருந்து என் மனத்தில் ஓடுவது வேறு கேள்வி: எஞ்சின் எவ்வளவு பலம் தருகிறது என்பதைவிட, எந்தச் சுற்றில் தருகிறது என்பதுதானே நம் சாலைக்கு முக்கியம்?

பிறை பட்டறைக்காரர்

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் அமெரிக்க எஞ்சின் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தொண்ணூறுகளில் நான் வேலை பழகிய பட்டறைக்கு ஒரு ஃபோர்டு லேசர் வந்தது. டைமிங் பெல்ட் மாற்றும் வழக்கமான வேலை. முதலாளி என்னைப் பட்டர்வொர்த்தில் உதிரிபாகக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் மேசையில் வைத்த பெட்டியில் மாஸ்டா 323 என்று அச்சிட்டிருந்தது. தவறான சாமான் கொடுக்கிறார் என்று வாதாடினேன். கொண்டுபோய் மாட்டிப் பார், பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடு என்றார். மாட்டினேன். பல்லுக்குப் பல் பிசகாமல் உட்கார்ந்தது. கையில் கிரீஸோடு அந்தப் பெட்டியையும் முன்னால் இருந்த ஃபோர்டின் நீல முட்டைச் சின்னத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது.

1979-இல் ஃபோர்டு மாஸ்டாவின் 25 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. லேசர் அந்த உறவில் வந்த கார், மாஸ்டா 323-இன் உடன்பிறப்பு. "எங்கள் அப்பாவின் அமெரிக்கக் கார்" என்று நம்மவர்கள் பெருமையாகச் சொன்ன வண்டிகளில் பல உண்மையில் ஜப்பானிய எஞ்சினில்தான் ஓடின. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 470 நியூட்டன் மீட்டர், இழுவையில் குறை சொல்ல முடியாத எஞ்சின். அதைத் தென்னாப்பிரிக்காவில் செய்தார்கள், நமக்கு வந்த வண்டியைத் தாய்லாந்தில் பூட்டினார்கள்.

மிச்சிகனில் செய்யப்படும் மஸ்டாங்கே 2015 மாதிரியில்தான் முதன்முறையாக வலப்பக்க ஸ்டீயரிங்குடன் ஆலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் நினைத்துச் செய்த எஞ்சின் நம் கைக்கு எளிதாகக் கிடைக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை.

சுங்கை ஆரா

பட்டறைக்கார அண்ணே சொன்னது சரி. ஆனால் அதிகச் சுற்றில் பலம் தருவதைக் குறையாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பழைய சிவிக்கில் இருப்பது ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக, அதாவது பழைய காரின் வெட்டிய முன்பாதியோடு, வந்த பி16ஏ எஞ்சின். ஹோண்டா 1989-இல் இன்டெக்ராவில் முதன்முதலாக வைத்த விடெக் எஞ்சின், அதாவது சுற்றுக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் எஞ்சின், இதுதான். 1.6 லிட்டரில், டர்போ இல்லாமல், 160 குதிரைத்திறன். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் ஒவ்வோர் இரண்டு வால்வுக்கும் மூன்று மேடுகள் இருக்கும். மெதுவாகப் போகும்போது ஓரத்து மேடுகள் இரண்டும் வேலை செய்யும். சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தம் ஓர் ஊசியைத் தள்ளி மேடுகளுக்கும் வால்வுகளுக்கும் இடையிலுள்ள மூன்று கைகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது நடுவிலுள்ள உயரமான மேடு வால்வுகளை அதிகமாகவும் அதிக நேரமும் திறக்கும். 5500-ஐ நெருங்கும்போது சத்தமே மாறும். அந்த நொடிக்காகவே நான் இந்தக் காரை விற்காமல் வைத்திருக்கிறேன்.

செப்பாங் பந்தயத் தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில் போயிருந்தேன். ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 மஸ்டாங் ஒன்றும் வந்திருந்தது. நீண்ட நேர்த்தடங்கள் இரண்டிலும் அது என்னைவிட்டு வெகுதூரம் போய்விடும். ஆனால் அங்கே வளைவுகள் 15. என் கார் ஏறத்தாழ 1100 கிலோ, அது 1700-க்கு மேல். ஒவ்வொரு வளைவிலும் அதன் பின்விளக்கு என் முகத்துக்கு நேரே வந்துவிடும். அன்று இறங்கியபோது உள்ளங்கை வியர்வையில் ஊறியிருந்தது. தோற்றேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தாமான் மலூரி

வி8 என்றாலே பழைய தடி எஞ்சின் என்று யாராவது நினைத்தால் திருத்திக்கொள்ளட்டும். 1955-இல் வந்த செவ்ரொலே வி8 வழியில் எஞ்சின் கட்டைக்குள் ஒரே கேம் தண்டு, அதிலிருந்து தடிகள் வால்வுகளைத் தள்ளும். இன்றைய மஸ்டாங் வி8 அப்படியல்ல: நான்கு கேம் தண்டுகள், 32 வால்வுகள்.

காகிதத்தில் உள்ள எண்களையும் நம்பி வாதாடாதீர்கள். அமெரிக்கர்கள் 1971 வரை விசிறி, புகைக்குழாய் போன்ற சுமைகளைக் கழற்றிவைத்து அளந்தார்கள். 1972 முதல் அவற்றோடு சேர்த்து அளந்ததும் எண்கள் சரிந்தன. ஜப்பானிய நிறுவனங்கள் 280 குதிரைத்திறனுக்கு மேல் எழுதுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்து, 2004-இல்தான் அதைக் கைவிட்டன. இடைப்பட்ட காலத்தில் பல கார்கள் எழுதியதைவிட அதிகமாகவே கொடுத்தன.

பழைய கிள்ளான் சாலை

நான் ஓர் அமெரிக்க டர்போ கார் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். கையளவுள்ள ஒரு கூலண்ட் குழாய் வெடித்து, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஓரமாக நின்றேன். அந்தக் குழாய் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. எஞ்சின் அருமையானது, இன்றும் அதன் இழுவை நினைவுக்கு வருகிறது. ஆனால் குழந்தையை வெயிலில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு, எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கும் ஜப்பான் கார்தான் நிம்மதி. இப்போது டொயோட்டா ஓட்டுகிறேன்.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாலை வரியையும் கணக்குப் பார்த்தேன். நம் மலேசியாவில் வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. என் 1.6-க்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 2.3 மஸ்டாங்குக்கு 650 ரிங்கிட்டுக்குள். அதே கார் ஐந்து லிட்டரானால் 11,000 ரிங்கிட்டை ஒட்டி வந்துவிடுகிறது. இங்கே 2.3 டர்போவைத் தேடுகிறவர்கள் இருப்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

பட்டறைக்கார அண்ணே, அடுத்த மாதம் மைத்துனரும் நானும் இரண்டு கார்களிலும் பினாங்கு வருகிறோம். பாலிக் புலாவுக்குப் போகும் துன் சர்டோன் சாலை ஏற்றத்தில் நீங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுங்கை ஆரா தம்பி, நீங்களும் அந்த பி16ஏ-யைக் கொண்டு வாருங்கள். அந்தச் சத்தம் மாறும் இடத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.