பழைய உலகத்தில் கடற்கொள்ளையர் மோட் போட்டேன், ஒரு தீவுகூட வரவில்லை

நங்கூரம்12

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நானும் தங்கையும் எட்டு மாதமாக ஒரே உலகத்தில் விளையாடுகிறோம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 1.20.1, மோட்களை (ஆட்டத்தில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள்) ஏற்றும் ஃபோர்ஜ், ஜாவா 17. கடலை அழகாக்கும் பயோம் (கடல், காடு போன்ற நிலவகை) மோட் ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்கிறது. போன வாரம்தான் கடற்கொள்ளையர் மோட் சேர்த்தேன். பீரங்கி சுடுகிறது, சுக்கான் வைத்தால் கப்பல் நகர்கிறது, இரவில் கரையோரம் கொள்ளையர்கள் கத்தியோடு வந்து நிற்கிறார்கள். ஆனால் கொள்ளையர் தீவு, புதையல் குகை, அந்த மோட் தரும் பெரிய உடைந்த கப்பல், இவற்றில் ஒன்றுகூட கண்ணில் படவில்லை. நேற்று இரண்டு மணி நேரம் எங்கள் விரிகுடாவையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

புது உலகம் தொடங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்கை கட்டிய கப்பல் இங்கேதான் நிற்கிறது. ஸ்ப்ரூஸ் மரத்தில் உடல், கறுப்புக் கம்பளியில் பாய், உச்சியில் மண்டையோட்டுக் கொடி. அந்த வடிவத்துக்கு விதர் எலும்புக்கூட்டின் மண்டை வேண்டும். கொன்றால் விழும் வாய்ப்பு 2.5 சதவீதம்தான். நெதர் என்ற பாதாள உலகத்துக் கோட்டையில் அவள் நாள் கணக்காக நின்று எடுத்த மண்டை அது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக மனசு வராது.

மூன்றாம்பாய்

எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு. மோடை எடுத்துட்டு உலகத்தை ஒரு முறை திறந்து மூடுங்க, அப்புறம் திரும்பப் போடுங்க. சில சமயம் சரியாயிடும்.

கலங்கரை

நங்கூரம், தயவுசெய்து அதைச் செய்யாதீங்க! மோட் இல்லாமல் உலகத்தைத் திறந்தால் அந்த மோட் தந்த சுக்கான், பீரங்கி எதுவும் ஆட்டத்துக்கு என்னவென்றே தெரியாது. அவை இருந்த இடத்தில் காற்று வந்துவிடும். அப்படியே சேமிக்கப்பட்டுவிட்டால், பிறகு மோடைத் திரும்பப் போட்டாலும் அவை வராது. பீரங்கிக்குள் வைத்த குண்டும் சேர்ந்தே போகும். மூன்றாம்பாய் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஒரு குழந்தையின் கப்பல் அங்கே நிற்கிறது.

முதல் வேலை பேக்கப். உலகப் பட்டியலில் உங்கள் உலகத்தைத் தேர்ந்தெடுத்து எடிட் போனால் பேக்கப் எடுக்கும் பொத்தான் இருக்கும். அது போதாதென்று, சேவ்ஸ் கோப்புறையிலிருந்து உலகத்தின் கோப்புறையை முழுதாக வேறு டிரைவுக்கும் நகலெடுத்துக்கொள்ளுங்க. எடுத்தபின் மேற்கொண்டு படியுங்க.

இப்போது உங்கள் சிக்கல். ஆட்டம் உலகத்தை 16-க்கு 16 பிளாக் (கட்டம்) உள்ள சங்க்குகளாக உருவாக்குகிறது. நீங்கள் முதன்முதலில் ஒரு இடத்தை நெருங்கும்போதுதான் அந்த சங்க் பிறக்கிறது. தீவு வேண்டுமா, உடைந்த கப்பல் வேண்டுமா என்பதும் அந்த நேரத்திலேயே முடிவாகிவிடும். கொள்ளையர்கள் அப்படி இல்லை, அவர்கள் ஒவ்வொரு இரவும் புதிதாக வருகிறவர்கள். அதனால்தான் ஆட்கள் வருகிறார்கள், தீவு வரவில்லை. எட்டு மாதமாகச் சுற்றிய விரிகுடாவில் எத்தனை மணி நேரம் தேடினாலும் கிடைக்காது. இதுவரை யாரும் போகாத கடலுக்குப் போங்க. போய்விட்டு எஃப்3 அழுத்தி, அங்கே பயோம் என்று வரும் வரியை அப்படியே எழுதி அனுப்புங்க.

நங்கூரம்12

நல்ல வேளை கேட்டுவிட்டுச் செய்தேன், மோடை எடுக்கும் நிலையில்தான் இருந்தேன். பேக்கப் இரண்டு இடத்தில் எடுத்தாயிற்று.

நீங்கள் சொன்னபடி கிழக்கே 6,000 பிளாக் போனோம். அந்தப் பக்கம் நாங்கள் போனதே இல்லை, உறுதி. அப்போதும் வெறும் தண்ணீர். லொகேட் கட்டளையில் மோடின் தீவுப் பெயரைக் கொடுத்தால் அருகில் எதுவும் இல்லை என்கிறது. எஃப்3 பயோம் வரியில் மைன்கிராஃப்ட் என்று தொடங்காமல் எங்கள் பயோம் மோடின் பெயரில் தொடங்குகிறது, முக்காற்புள்ளிக்குப் பிறகு அந்தக் கடலின் பெயர்.

இன்னொன்று தங்கை கவனித்தாள். ஆட்டத்திலேயே இருக்கும் சாதாரண உடைந்த கப்பலையும் நாங்கள் இந்தக் கடலில் பார்த்ததே இல்லை. கரையில் ஒதுங்கியது ஒன்று மட்டும் பார்த்திருக்கிறோம். எட்டு மாதத்தில் ஒன்றே ஒன்று.

கலங்கரை

தங்கைக்கு என் பாராட்டு. விடையே அதில்தான் இருக்கிறது.

உடைந்த கப்பல் எங்கே வரலாம் என்பதை ஆட்டம் ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. அதற்கு டேக் என்று பெயர். கடல்கள் எல்லாம் இஸ்_ஓஷன் என்ற டேக்கில் இருக்கும், கடலில் வரும் உடைந்த கப்பல் அந்த டேக்கைத்தான் பார்க்கும். கரையில் ஒதுங்கும் கப்பலுக்குத் தனி டேக், அது கடற்கரைப் பயோம்களைப் பார்க்கும். அதனால்தான் உங்களுக்கு அது மட்டும் கிடைத்திருக்கிறது. உங்கள் பயோம் மோட் எல்லாக் கடலையும் தன் கடலாக மாற்றிவிட்டு, புதுப் பெயர்களை இஸ்_ஓஷன் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்டத்தின் கண்ணில் உங்கள் உலகத்தில் கடலே இல்லை!

ஊகத்தில் கை வைக்க வேண்டாம், பார்த்துவிடுவோம். மோடின் ஜார் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதை நகலெடுத்து, நகலை 7-ஜிப் கொண்டு திறங்க. டேட்டா, அதற்குள் மோடின் பெயர், டேக்ஸ், வேர்ல்ட்ஜென், பயோம், ஹேஸ்_ஸ்ட்ரக்சர் என்று உள்ளே போனால் தீவின் பெயரில் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்க. டேக்ஸுக்கு வெளியே, மோடின் பெயர் கோப்புறைக்குள் நேராக இன்னொரு வேர்ல்ட்ஜென் இருக்கும், அதற்குள் ஸ்ட்ரக்சர்_செட் கோப்பும் இருக்கும், அதில் ஸ்பேசிங் எண்ணையும் பாருங்க.

நங்கூரம்12

பார்த்தேன். தீவின் கோப்பில் ஒரே வரி, # போட்டு மைன்கிராஃப்டின் இஸ்_ஓஷன். ஸ்பேசிங் 60, செபரேஷன் 20. பயோம் மோடின் ஜாரையும் திறந்தேன், இஸ்_ஓஷன் கோப்பே அதில் இல்லை.

கலங்கரை

சந்தேகமே இல்லை, இதுதான். ஸ்பேசிங் 60 என்றால் 60 சங்க் பக்கமுள்ள சதுரத்துக்கு ஒரு தீவு முயற்சி செய்யப்படும், அதாவது சராசரியாக 960 பிளாக்குக்கு ஒன்று. செபரேஷன் 20 என்பது இரண்டு தீவுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி, 320 பிளாக். 6,000 பிளாக் போயும் இல்லை என்பது தற்செயல் கிடையாது.

எந்த மோடையும் திறந்து மாற்ற வேண்டாம். உங்கள் உலகத்தின் கோப்புறைக்குள் டேட்டாபேக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் புதுக் கோப்புறை ஒன்று போடுங்க, பெயர் உங்கள் இஷ்டம். அதற்குள் பேக்.எம்சிமெட்டா என்ற கோப்பு. அதில் பேக்_ஃபார்மட் 15 என்று இருக்க வேண்டும், 1.20.1-க்கு அதுதான் எண். விண்டோஸ் கோப்பு நீட்சியை மறைத்துவைக்கும், அதனால் பலருக்கு அந்தக் கோப்பு பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டு சேமிக்கப்பட்டுவிடும். நீட்சியைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்க. பிறகு டேட்டா, மைன்கிராஃப்ட், டேக்ஸ், வேர்ல்ட்ஜென், பயோம் என்று வரிசையாகக் கோப்புறைகள், கடைசியில் இஸ்_ஓஷன்.ஜேசன். அதில் ரீப்ளேஸ் ஃபால்ஸ், வேல்யூஸ் பட்டியலில் எஃப்3-இல் பார்த்த கடல் பெயர்கள் ஒவ்வொன்றும். ரீப்ளேஸை ட்ரூ ஆக்கிவிடாதீங்க, ஆட்டத்தின் சொந்தக் கடல்கள் பட்டியலிலிருந்து போய்விடும்.

உலகத்தை விட்டு வெளியேறி மீண்டும் திறந்து, லொகேட் போடுங்க.

நங்கூரம்12

செய்தேன். ஏழு கடல் பெயர் எழுதினேன், நீட்சியும் பார்த்தேன். லொகேட் இன்னும் இல்லை என்றே சொல்கிறது. சாதாரண உடைந்த கப்பலுக்கும் அதே பதில். எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

கட்டைவிரல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஆட்டம் தன் பதிவுகளை எழுதும் லாக்ஸ் கோப்புறையில் லேட்டஸ்ட் லாக் திறந்து இஸ்_ஓஷன் என்று தேடுங்கள். டேக்கை ஏற்ற முடியவில்லை, இந்தப் பெயர் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், நீங்கள் எழுதிய ஏழில் ஒன்று எழுத்துப் பிழை. ஒரு பெயர் தவறினால் ஆட்டம் அந்த ஒன்றை மட்டும் விடுவதில்லை, டேக் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். அந்த டேக்கை நம்பியிருக்கும் தீவும் கப்பலும் கூடவே போய்விடும். எனக்கு ஒரு எழுத்து கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

நங்கூரம்12

கட்டைவிரல் அண்ணா, நீங்கள் நூறு வருஷம் நல்லா இருக்கணும்! லாக்கில் அப்படியே இருந்தது. ஆழ்கடல் ஒன்றின் பெயரில் ஒரு அடிக்கோட்டை விட்டிருந்தேன். சரிசெய்து திறந்ததும் லொகேட் பதில் சொல்லிவிட்டது. கிழக்கே நாங்கள் திரும்பிய இடத்துக்கு அப்பால் 700 பிளாக்கில் ஒரு தீவு.

கட்டளை போட்டுத் தாவிப் போக வேண்டாம், கப்பலிலேயே போகலாம் என்று தங்கை பிடிவாதம். போனோம். விடியும் நேரம். முதலில் தெரிந்தது ஒரு விளக்கு, பிறகு மரத்தாலான காவல் கோபுரம், அதன்மேல் எங்கள் கொடி மாதிரியே ஒரு கொடி. அவள் சுக்கானை விட்டுவிட்டு அணியத்துக்கு ஓடி நின்றுகொண்டாள். நான் போய்ப் பிடிப்பதற்குள் கப்பல் பாறையில் முட்டியது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஒரே ஒரு ஆசை பாக்கி. எங்கள் விரிகுடாவிலும் ஒரு தீவு வர வழி உண்டா?

கலங்கரை

படிக்கவே சந்தோஷமாக இருக்கு. விரிகுடாவுக்கு வழி உண்டு, ஆனால் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. எம்சிஏ செலக்டர் என்ற கருவி உலகத்தை வரைபடமாகக் காட்டும், வேண்டாத சங்க்குகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். அழித்த இடத்துக்கு அடுத்த முறை போகும்போது அது புதிதாகப் பிறக்கும், இந்த முறை தீவோடு பிறக்க வாய்ப்பு உண்டு. உலகம் உருவாக அடிப்படையான சீட் எண்ணும் மோட்களும் அதேதான் என்பதால் ஓரத்தில் வெட்டுத் தழும்பு தெரியாது.

ஆட்டத்தை முழுதாக மூடிவிட்டு, புதிதாக ஒரு பேக்கப் எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். கருவியில் இன்ஹாபிட்டட்டைம் என்ற வடிகட்டி இருக்கும். அந்த சங்க்கிலோ அதன் அருகிலோ ஆள் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை டிக்கில் சொல்லும், நொடிக்கு 20 டிக். 1,200-க்குக் கீழ் என்று கொடுத்தால் ஒரு நிமிடம்கூட நிற்காத இடங்கள் மட்டும் தேர்வாகும். அதை நம்பி உடனே அழித்துவிடாதீங்க. தண்டவாளம், நெதர் வாசல், தூரத்தில் வைத்த பெட்டி மாதிரி கட்டிவிட்டு விட்டுப்போன இடங்களும் அதில் மாட்டும். வீட்டையும் கப்பல் நிற்கும் துறையையும் சுற்றி நல்ல அகலத்துக்குக் கையால் தேர்வை நீக்கிவிட்டு, வெறும் கடல் மட்டும் மிச்சம் இருக்கும்படி பார்த்து அழியுங்க. ரீஜன் கோப்பு முழுவதையும் அழிக்காதீங்க, ஒரு கோப்பில் 32-க்கு 32 சங்க், அதாவது 512-க்கு 512 பிளாக் போய்விடும்.

மூன்றாம்பாய்

நான் சொன்னதைச் செய்யாம விட்டதுக்கு நன்றி நங்கூரம். என் பழைய உலகத்துல ரெண்டு பீரங்கி எங்க போச்சுன்னு இப்பதான் புரியுது. நானும் இனி பேக்கப் எடுக்காம எதையும் தொடுறதா இல்ல. ஒரு சந்தேகம்: 1.21-லயும் இதே கோப்பு ஓடுமா?

கட்டைவிரல்

ஓடும், பேக்_ஃபார்மட் எண்ணை மட்டும் 48 ஆக்குங்கள். 1.21-இல் பிளாக், ஐட்டம் டேக் கோப்புறைப் பெயர்கள் ஒருமைக்கு மாறின, ஆனால் வேர்ல்ட்ஜென் பயோம் பாதை அப்படியேதான் இருக்கிறது. ஜாவா 21 வேண்டும்.

நங்கூரம்12

விரிகுடா வேலை முடிந்தது. கரைப் பக்கம் தொடாமல் தெற்குக் கடலை மட்டும் அழித்தேன். தீவு வரவில்லை, ஆனால் சாதாரண உடைந்த கப்பல் ஒன்று துறையிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் கிடக்கிறது. உள்ளே பெட்டியில் புதையல் வரைபடம் இருந்தது. தங்கை அதைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டாள், நானும் கிளம்புகிறேன்.