சாம்பிராணிக் கங்கு விழுந்து கார்ப்பெட் கருகிவிட்டது, சரிசெய்ய முடியுமா?

சத்துவாச்சாரி_ஹால்

வணக்கம். ஹாலில் விரித்திருக்கும் 6க்கு 4 அடி கார்ப்பெட்டில், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது இரண்டு கங்கு விழுந்துவிட்டது. ஒரு இடத்தில் நுனி மட்டும் பழுப்பு. இன்னொரு இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருகி, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. நட்ட நடுவில் என்பதால் டீப்பாய் போட்டு மறைக்கவும் வழியில்லை. லேபிள் கிடையாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வாலாஜா_தறி

பிளீச்சிங் வேண்டவே வேண்டாம். கம்பளி நூலாக இருந்தால் பிளீச் நூலையே கரைத்துவிடும். வேறு நூலாக இருந்தாலும் கருகல் போகாது, சாயம்தான் போகக்கூடும். கருகல் என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, நூலே வெந்து மாறிப்போனது.

முதலில் என்ன நூல் என்று பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலிப்ரொப்பிலீன், நைலான் வகை. உருகியது சொட்டும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம்.

கம்பளி என்றால் வேலை சுலபம். மழுங்கிய கத்தியால் கருகலைச் சுரண்டி, வேக்குவம் போட்டு உறிஞ்சி, மிச்சத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை நுனி தட்டினால் போதும். பழுப்பு தெரிந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, 10 நிமிடம் கழித்து ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு முன் ஒரு மூலையில் சாயம் வெளுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கார்ப்பெட்டைப் புரட்டியும் பாருங்கள். மேலே இருக்கும் பூ வேலை அடியிலும் அப்படியே, முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கையால் நெய்தது. அதில் பசையோ கட்டரோ படவே கூடாது. அதே நிறக் கம்பளி நூலில் முடிச்சுப் போடத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சத்துவாச்சாரி_ஹால்

பார்த்தேன். கறுப்பு மணியாக நின்றது. அடியில் சணல் வலையும் அதன்மேல் வெள்ளையாகக் காய்ந்த ரப்பர் மாதிரிப் பூச்சும் இருக்கிறது.

ராணிப்பேட்டை_பேஸ்டிங்

அப்படின்னா மெஷின் கார்ப்பெட்ங்க. பழுப்பு நுனியைக் கத்தரிச்சு விட்டாலே சரி. காசு அளவு கருகினதுக்கு ஒட்டுத்தான் போடணும், சுரண்டினா பள்ளம் விழும்.

விரிப்பா இருக்கறது நல்லதாப் போச்சு, அடிப்பக்கமா வெட்டலாம். மேலிருந்து கருகலைச் சுத்தி 4 செ.மீ. சதுரத்துக்கு நாலு மூலையிலயும் ஊசி குத்துங்க. புரட்டினா அடியில நாலு முனை தெரியும். இரும்பு ஸ்கேல் வெச்சு, புது பிளேடு போட்ட கட்டரால சணலை மட்டும் வெட்டுங்க. மேலிருந்து வெட்டினா நல்ல நூலெல்லாம் அறுந்து, ஒட்டின பிறகு சுத்திலும் கோடு மாதிரி தெரியும்.

இதே அளவு துண்டை சோபா அடியில வர்ற மூலையிலிருந்து எடுங்க. பூ வேலை இருந்தா அதே பூ வர்ற இடமாப் பாருங்க. கருகின துண்டைத் தூக்கிப் போடாதீங்க, அந்த மூலை ஓட்டையை அதுவே அடைக்கும்.

அடுத்து திசை. கையால தடவினா ஒரு பக்கம் வழவழன்னு படியும், எதிர்ப்பக்கம் தடுக்கும். துண்டும் அதே பக்கம் படியணும். மாறி வெச்சா நிறம் ஒண்ணா இருந்தாலும் வெளிச்சத்துல திட்டா அடிக்கும். பலரும் கோட்டை விடறது இங்கதான்.

8 செ.மீ. சதுரத்துக்கு கெட்டி கேன்வாஸ் துணி வெட்டி, அடியில பசை போட்டு ஒட்டுங்க. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ சாமான் கடைகள்ல ரப்பர் சொல்யூஷன் கிடைக்கும். ரெண்டு பக்கமும் மெலிசாத் தடவி, விரல்ல ஒட்டாத பதம் வர 10, 15 நிமிஷம் விட்டு அழுத்தணும். தீப்பிடிக்கற சரக்கு அது. ஜன்னலைத் திறந்து வைங்க, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்துல கூடாது.

காட்பாடி_மேட்

திசை பற்றிச் சொன்னது முக்கியம். பசையில் மட்டும் ஒரு திருத்தம். ரப்பர் சொல்யூஷன் தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும், கோணலாக விழுந்தால் நகர்த்த முடியாது. வெளிர் நிறக் கார்ப்பெட்டில் மேலே கசிந்தால் பழுப்பாகவும் தெரியும். முதல் தடவை செய்பவருக்கு லேடெக்ஸ் பசைதான் தோது. வெள்ளையாக இருக்கும், காய்வதற்குள் துண்டை நகர்த்திச் சரிபார்க்கலாம், காய்ந்தால் நிறம் தெரியாது. வெட்டிய விளிம்பு நாலிலும் அதையே லேசாக இழுத்துவிட்டால் சணல் பிரியாது.

துணி சுற்றிய செங்கல் இரண்டை மேலே வைத்து 24 மணி நேரம் விடுங்கள்.

சத்துவாச்சாரி_ஹால்

லேடெக்ஸே வாங்குகிறேன். சீக்கிரம் காய அயர்ன் வைக்கலாமா?

காட்பாடி_மேட்

கூடாது. பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியிலேயே உருகும், காட்டன் சூட்டில் அயர்ன் அதையும் தாண்டும். ஃபேன் காற்று போதும். காய்ந்த பிறகு இணைப்பை வேக்குவத்தால் இழுக்காமல், பழைய பல் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சீவிவிடுங்கள். உயரமாக நிற்கும் நூலை அப்போது தட்டினால் போதும்.