குடியை நிறுத்தி மூணு மாசம்: நோம்பி வேலைக்கு அனுப்பலாமுங்களா?

காங்கேயத்துப் பொண்ணு:
வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரர் மறுவாழ்வு மையத்துல இருந்து வந்து மூணு மாசம் ஆச்சு. குடிக்கறதில்லை. டாக்டர் சொன்னபடி டைசல்பிரம் மாத்திரை (இதை எடுக்கறப்போ குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காது) எடுத்துக்கறாரு, வாரம் ரெண்டு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கற குழு) கூட்டம் போறாரு. மத்த நேரமெல்லாம் ஆசாரத்துல (வீட்டுக் கூடத்துல) டிவி முன்னாலதான். வண்டிச் சாவி, பணம் எல்லாம் மாமியார் கையில. பங்குனியில எங்க ஊர் மாரியம்மன் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டறாங்க. அன்னதானத்துல வேலை செய்யறேன்னு அவரே கேட்கறாரு. பங்காளிக பாதிப்பேர் குடிக்கறவங்க, எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. அனுப்பலாமா, இந்த வருசம் வீட்லயே வெச்சுக்கலாமா? ஸ்பான்சர் (ஏஏவுல அவருக்கு வழிகாட்டற மூத்த உறுப்பினர்) ‘சேவை செய்யணும்’ங்கறாரு. என்ன சேவை, எவ்வளவுன்னு எனக்குப் புரியலைங்க.

குழு ஊழியன்:
அனுப்புங்க சகோதரி. ஆனா எந்த வேலைக்கு, எந்த நேரத்துக்குன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு அனுப்புங்க.

சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொடங்கிப் பத்து மணி வரை குடிச்சவருக்கு, குடியை நிறுத்தின அன்னைக்கே தினமும் அஞ்சு மணி நேரம் வெறுமனே கையில வந்துடுது. டிவி அதை நிரப்பாது. தன்னை யாரும் எதுக்கும் எதிர்பார்க்கலைங்கற நெனப்புதான் அந்த நேரத்துல வளரும், அதுதான் மறுபடி குடிக்க இழுக்கும். ஏஏ பிறந்ததே இதுலதாங்க. 1935-ல அமெரிக்காவுல அக்ரான் ஊருக்குத் தொழில் விசயமா வந்த, குடியை விட்டிருந்த பில்ங்கறவர், அது கைகூடாம ஹோட்டல்ல தனியா நின்னப்போ, மதுக்கூடத்துக்குப் போகாம இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போன் போட்டாரு. அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப். அடுத்தவருக்கு உதவப் போனது பில்லோட நிதானத்தையும் காப்பாத்துச்சு. ஏஏவுல குடியிலிருந்து மீள வெச்சிருக்கற பன்னெண்டு படிகள்ல, கடைசிப் படியோட அடிப்படை அதுதான்.

முதல் சேவை குழுவுக்குள்ளேயே இருக்கட்டும். கூட்டத்துக்கு அரை மணி முன்னால போய் நாற்காலி போடறது, டீ போடறது, முடிஞ்சதும் டம்ளர் கழுவறது. சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. அவர் வரலைன்னா டீ இருக்காது, ‘எங்கப்பா அவரு’ன்னு நாலு பேர் கேப்பாங்க. புதுசா வர்றவங்களை வாசல்ல வரவேற்கறது, வாசிக்கறது எல்லாம் அடுத்து. உண்டியல் காசு, செயலாளர் பொறுப்பு இன்னும் நாள் கழிச்சு. பொறுப்புகளை முறை வெச்சு மாத்திக்கறது அதிகாரம் ஒருத்தர்கிட்டயே தங்கிடக் கூடாதுன்னுதான்.

ரெண்டு தப்பு அடிக்கடி நடக்குது. ஒண்ணு, ஊர் மேடையில ஏத்தி ‘குடியை விட்டவர்’னு பேச வைக்கறது. மூணு மாசத்துல கிடைக்கற கைதட்டல் ஆபத்து. கொஞ்சம் சறுக்கினாலும், ஊர் முகத்துல முழிக்க முடியாம உதவி கேக்கறதையே விட்டுடுவாங்க. இன்னொண்ணு, குடிச்சுட்டு இருக்கறவங்களைத் திருத்தறேன்னு தனியாப் போறது. அனுபவமுள்ள ஒருத்தரோட ரெண்டு பேராத்தான் போகணும். கடன் கொடுக்கக் கூடாது. வருசக் கணக்கா தினமும் குடிக்கறவரை ‘இன்னைக்கே நிறுத்து’ன்னு வீட்லயே உட்கார வைக்கவும் கூடாது. முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பும், ரெண்டு மூணு நாள்ல மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுதான் சேவை.

வெள்ளை கவுன்:
மாத்திரை பத்திச் சொல்றேனுங்க. டைசல்பிரம் கடைசியா எடுத்த பிறகும் 14 நாள் வரை மதுவோட சேர்ந்து வேலை காட்டும். முகம் சிவந்து சூடாகும், படபடப்பு, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். ‘நோம்பிக்கு நாலு நாள் மாத்திரையை விட்டா ஒரு கிளாஸ் போடலாம்’னு பங்காளி யாராவது சொல்லுவாங்க, அதனால இது அவருக்கும் தெரிஞ்சிருக்கணும். அவருக்குத் தெரியாம சோத்துல கலக்கறது எப்பவுமே கூடாது.

அரிஷ்டம், ஆசவத்துல மது இருக்கு, சில இருமல் டானிக்லயும் இருக்கு. தோட்டத்துல தெளுவு (பதநீர்) கொடுத்தாலும் வேண்டாங்க. சுண்ணாம்பு சரியாத் தடவாத கலயத்துல சில மணி நேரத்துலயே புளிச்சுக் கள்ளாயிடும். கண்ணு மஞ்சளானாலோ, சிறுநீர் டீ நிறத்துல போனாலோ உடனே டாக்டர்கிட்டப் போங்க, ஈரலைப் பார்க்கணும்.

சேவைன்னு சாப்பாடு, தூக்கத்தை விட்டுடறாங்க. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலுல எது வந்தாலும் ஆசை தலைதூக்கலாம். பந்தி பரிமாறப் போகறதுக்கு முன்னால அவர் சாப்பிட்டிருக்கணும்.

பந்திக்காரன்:
எங்க கொங்குப் பக்கம் அன்னதானத்துல காய் நறுக்கறது, அரிசி கழையறது, இலை போடறது, தண்ணி ஊத்தறது, பந்தி பரிமாறறது, இதெல்லாம் பகல் வேலை. பெரியவங்க, பொம்பளைங்க, குழந்தைக சுத்தி இருப்பாங்க. காலை ஆறுல இருந்து பதினொண்ணு வரைன்னு வாங்கிக்கச் சொல்லுங்க. ராத்திரி பந்தல் காவல், ஜெனரேட்டர், மைக்செட், சமையல்காரங்களோட ராத்தங்கறது, பணத்தோட டவுனுக்குச் சாமான் வாங்கப் போறது எதுவும் வேண்டாம். கம்பம் பிடுங்கற ராத்திரியும், கிடா வெட்டு விருந்தும், மஞ்சத்தண்ணி அன்னைக்கும் இந்த வருசம் போகாம இருக்கறது நல்லது. சாமி கும்பிடறதுக்குக் காலையில குடும்பத்தோட போய்ட்டு வாங்க.

குடிக்காத மாமன் மச்சான் ஒருத்தர்கிட்ட விசயத்தைச் சொல்லி, பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. யாராவது ஊத்திக் கொடுத்தா ‘மாத்திரை சாப்பிடறேனுங், ஆகாது’, அதோட நிறுத்திக்கட்டும். விளக்கம் சொல்லச் சொல்ல வாக்குவாதம் ஆகும்.

முக்கியமா, வண்டிச் சாவியை அவர்கிட்டக் கொடுங்க. சொந்த வண்டி இல்லாதவர், குடிச்ச பங்காளி கிளம்பற வரைக்கும் அங்கயே காத்துக் கிடக்கணும். மனசு சரியில்லைன்னா அந்த நிமிசமே கிளம்ப வழி இருக்கணும்.

காங்கேயத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. சாவி சரி, பணத்துக்கு அத்தை ஒத்துக்க மாட்டாங்களே?

குழு ஊழியன்:
அத்தை பயம் நியாயமானதுதாங்க. அதனால படிப்படியாப் போங்க. முதல்ல சந்தைக்கு 500 ரூபாய் கொடுத்து, என்னென்ன வாங்கணும்னு எழுதிக் கொடுங்க. வந்ததும் மீதியும் கணக்கும் மேசையில வைக்கட்டும். ரெண்டு மாசம் சரியா நடந்தா அடுத்தது. பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பினா, சனிக்கிழமை சம்பளத்தைக் கையில கொடுக்காம பேங்க்ல போடச் சொல்லி அவரே கேக்கட்டும். பழைய கடன்களை ஒரு தாள்ல எழுதி, மாசம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுக்கறதும் பொறுப்புக்குத் திரும்பற வழிதான். ஈடு செய்யற ஒன்பதாவது படிக்கு இன்னும் நாள் இருக்கு, நோம்பிக் கூட்டத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேக்க அவசரப்பட வேண்டாம்.

வாயை மோந்து பாக்கறதை நிறுத்துங்க. அதுக்குப் பதிலா, குடிச்சுட்டா என்ன செய்யறதுன்னு இப்பவே மூணு பேரும் உட்கார்ந்து பேசிக்கோங்க. மாத்திரை இருக்கறதால முதல்ல 108, அப்புறம் டாக்டர், ஸ்பான்சர். ராத்திரி மனசு தாங்கலைன்னா டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, ரெண்டும் இலவசம். உங்களுக்கும் அத்தைக்கும் அல்-அனான் (குடிநோயாளிகளோட குடும்பத்தாருக்கான குழு) கூட்டம் தனியா இருக்கு. பக்கத்துல எங்க நடக்குதுன்னு அவர் குழுவுல விசாரிச்சு, நோம்பி சாட்டறதுக்கு முன்னாலயே ஒரு தடவை போய்ட்டு வாங்க.