புதுப்பிப்பு: எஃப்-250 கிங் ராஞ்சா, பிளாட்டினமா? கடைசியில் என்ன ஆச்சு

போன மாதம் கேட்டிருந்தேனே, 12,000 பவுண்டு எடையுள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (முன்பக்கம் பிக்கப்பின் தொட்டி மேல் உட்காரும் இழுவண்டி) இழுக்க ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப்பில் கிங் ராஞ்ச் ட்ரிம் எடுக்கவா, பிளாட்டினம் ட்ரிம் (இரண்டும் சொகுசு வசதி வகைகள்) எடுக்கவா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனால் கேள்வியே தப்பு!

"முதல்ல டிரைவர் கதவுத் தூணைப் பாருங்க" என்று ஒருத்தர் சொன்னாரே, அவருக்கு ஒரு கும்பிடு. டீலரிடம் நின்ற பிளாட்டினத்தின் மஞ்சள் பட்டை ஸ்டிக்கரில் பேலோட், அதாவது வண்டி மேல் ஏற்றக்கூடிய எடை, 2,600 பவுண்டு சொச்சம்தான். சன்ரூஃப், தானாக இறங்கும் படி, மசாஜ் சீட் எல்லாமே எடைதானே. டீசல் எஞ்சினும் கனம்.

என் கணக்கு: டிரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வண்டி மேல் உட்காரும், அதுவே 2,400. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 150. நாங்கள் நாலு பேர் 600. மொத்தம் 3,150. மசாஜ் சீட்டில் சாய்ந்துகொண்டே ஓவர்லோடு!

அதனால் இன்னும் அதிக எடை தாங்கும் எஃப்-350, பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம்தான். ஸ்டிக்கரில் 3,700க்கு மேல். ட்ரிம் கிங் ராஞ்ச். டெக்சாஸில் இருந்துகொண்டு, 1853இல் தொடங்கிய இந்த ஊர்ப் பண்ணையின் பேரை விட மனசில்லை. அந்தப் பழுப்புத் தோல் சீட்டைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா வேறெதையும் பார்க்கவில்லை. குழந்தைகள் ஜூஸ் கொட்டினால் துடைக்கப்போவது நான்தான்.